ஜவ்வு விலகல்: ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் செய்யும் தவறுகள்

இடுப்பு வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களில் பலர், ரிப்போர்ட்டில் 'எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்' (இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வு, அதாவது டிஸ்க், பிதுங்கியிருக்கிறது) என்ற ஒரு வரியைப் படித்ததுமே இடிந்துபோய்விடுகிறார்கள். முதல் தவறே இதுதான். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளை அலசிய ஓர் ஆய்வுத் தொகுப்பு 2015இல் வெளிவந்தது. அதில் 20 வயதினரிலேயே 30 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. 50 வயதில் அது 60 சதவீதம், 80 வயதில் 84. தலை நரைப்பது மாதிரி இதுவும் வயதோடு வருவதுதான். ரிப்போர்ட்டில் இருப்பதாலேயே உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது.

அப்புறம் எப்படித் தெரிந்துகொள்வது? ஜவ்வு நரம்பை அழுத்தினால் வலி பொதுவாக இடுப்போடு நிற்காது. பிட்டத்தில் தொடங்கி, ஷாக் அடித்த மாதிரி முழங்காலுக்குக் கீழே இறங்கும். இருமினாலும் தும்மினாலும் சுரீர் என்று இழுக்கும். எல்5 (இடுப்புப் பகுதியின் ஐந்தாவது) நரம்பு என்றால் கால் பெருவிரல் பக்கம் மரத்துப்போகும். அதற்கு அடுத்துக் கீழே உள்ள எஸ்1 நரம்பு என்றால் சுண்டுவிரல் பக்கம். ரிப்போர்ட்டும் இந்த அறிகுறிகளும் ஒத்துப்போகின்றனவா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

"அன்றைக்கு சிலிண்டரைத் தூக்கினேன், அதோடு போச்சு" என்று நொந்துகொள்பவர்கள் நிறைய. குனிந்து, இடுப்பைத் திருப்பிக்கொண்டே பாரம் தூக்குவது கெடுதல்தான். ஆனால் பின்லாந்தில் இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளில், ஜவ்வுத் தேய்மானத்துக்கு வேலைப் பளுவைவிடப் பரம்பரையே பெரிய காரணமாகத் தெரிந்தது. புகைபிடித்தல், உடல் பருமன், மணிக்கணக்காக வண்டி ஓட்டுவது ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. பரம்பரையை மாற்ற முடியாது, சிகரெட்டை இன்றே விடலாம்.

வாரக்கணக்கில் படுத்தே கிடப்பது அடுத்த தவறு. வலி உயிர் போகிறது என்றால் ஓரிரு நாள் படுங்கள், சரி. அதற்கு மேல் படுக்கை உதவாது, முதுகுத் தசைதான் பலம் இழக்கும். தாங்கும் அளவுக்கு எழுந்து நடமாடுங்கள். இன்னும் மோசமான தவறு, 'ஜவ்வை உள்ளே தள்ளிவிடுகிறேன்' என்று முதுகில் ஏறி மிதிப்பவரிடம் போவது. நரம்பை அழுத்தும் அளவுக்கு ஜவ்வு விலகியவர்களுக்குப் பெரும்பாலும் டிஸ்க்கின் வெளி வளையம் கிழிந்து உள்ளிருக்கும் கூழ் வெளியே வந்திருக்கும்; அதை யாரும் கையால் உள்ளே தள்ள முடியாது. பல பேருக்கு உடம்பே அந்தத் துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது.

அதனால்தான் ஆபரேஷனுக்கும் அவசரம் வேண்டாம். நெதர்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில், சீக்கிரமே ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கால் வலி வேகமாகக் குறைந்தது உண்மை. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், பொறுத்திருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமாகியிருந்தார்கள்.

சில அறிகுறிகள் தெரிந்தால் மட்டும் பொறுத்திருக்கவே கூடாது. சிறுநீர் போக முடியாமல் அடைத்தாலோ, தெரியாமல் மலஜலம் கழிந்தாலோ, தொடை இடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய இடமும் மரத்துப்போனாலோ, கால் பலம் இழந்துகொண்டே போனாலோ, நடு ராத்திரி என்றாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.