விசில் இல்லாத விளையாட்டு மாலை

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவினர் நடத்தும் ஞாயிறு விளையாட்டுக்குப் பார்வையற்ற பிள்ளைகளும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் வரத் தொடங்கியபோது, இரு சாராரின் தேவைகளும் ஒன்றோடொன்று மோதுவதாகத் தோன்றியது. பார்வையற்றோர் கிரிக்கெட்டில் பந்துக்குள் இருக்கும் சிறு குண்டுகளின் சலசலப்பைக் கேட்டே மட்டையாளர் அதன் திசையை அறிகிறார். ஆட்டிசம் உள்ள சிலருக்கோ திடீர் ஓசை பெரும் வேதனை தரும்.

பெற்றோரிடமும், முக்கியமாகப் பிள்ளைகளிடமும், பொறுமையாகக் கேட்டறிந்த பின்னரே உண்மை விளங்கியது. தொல்லை தந்தது பந்தின் ஓசையன்று. விசிலும் ஒலிபெருக்கியும் ஓரத்தில் நிற்பவர்களின் கூச்சலுமே. ஆகவே அவ்விரண்டு கருவிகளையும் விலக்கி, பந்து உருளும்போது எவரும் பேசக் கூடாது என்றும், அது நின்ற பிறகு ஒருவர் மட்டும் தணிந்த குரலில் ஓட்டத்தை அறிவிக்க வேண்டும் என்றும் முடிவு செய்தோம். அந்த அமைதியில் ஒரு பிள்ளைக்குப் பந்து துல்லியமாகக் கேட்டது. இன்னொரு பிள்ளை காதைப் பொத்தாமல் களத்தில் நின்றது. ஆட்ட வரிசையைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டியதும் உதவியது.

மைதான வாயிலின் ஓரடி உயரப் படியில் சக்கர நாற்காலி ஏறப் பலகை போதும் என்றனர் சிலர். செங்குத்தான பலகையில் சக்கர நாற்காலி பின்னோக்கிச் சாயும் என்பதால் நான் உடன்படவில்லை. 1:12 என்னும் சரிவு அளவின்படி 12 அடி நீளச் சாய்தளம் தேவை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொழுதுபோக்கையும் உள்ளடக்கியது என்பதை எடுத்துச் சொன்னதும், மைதானப் பொறுப்பாளர் அதற்கான இடத்தை ஒதுக்கித் தந்தார்.