கையளவு பொம்மைக்கு விரலளவு வேல்: ரெசின் வார்ப்பு தொடங்குவோருக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்துகொண்டு 6 அங்குல பொம்மைகளுக்கு வேல், கேடயம், குடம் வார்க்க ஆசையா? முதல் எதிரி நம் கடற்கரைக் காற்றின் ஈரம்தான். வார்ப்புக்கு ஊற்றும் பாலியூரித்தேன் ரெசினில் (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகிப் பிளாஸ்டிக் ஆகும் பொருள்) ஈரம் பட்டால் கரியமில வாயு கிளம்பி நுரைத்துவிடும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி வீட்டில், டிசம்பர் புழுக்கத்தில், நான் வார்த்த முதல் வேல் பஞ்சு போலப் பொங்கி வந்தது. காரணம், கலக்கிய ஐஸ் குச்சி! மரமும் காகிதக் கோப்பையும் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். பிளாஸ்டிக் கோப்பை, பிளாஸ்டிக் குச்சியே நல்லது. ஊற்றியதும் புட்டியை இறுக மூடிவிடுங்கள்.

அச்சுக்குப் பிளாட்டினம் வகை சிலிக்கோன் (பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் ரப்பர்) வாங்கினால், மூல உருவம் செய்யக் கந்தகம் கலந்த மாடலிங் களிமண் பக்கமே போகாதீர்கள். அது பட்ட இடத்தில் சிலிக்கோன் இறுகாமல் பிசுபிசுவென்றே கிடக்கும். லேடெக்ஸ் கையுறையும் இதே வேலையைச் செய்யும், நைட்ரைல் போடுங்கள். இரண்டு பாதி அச்சு என்றால், முதல் பாதி இறுகியதும் அதன்மேல் வாசலின் மெலிதாகத் தடவிய பிறகே அடுத்ததை ஊற்ற வேண்டும். மறந்தால் இரண்டும் ஒரே கட்டிதான்.

வேலின் நுனியில்தான் குமிழி ஒளிந்துகொள்ளும். அச்சுக்குள் டால்கம் பவுடரைத் தூரிகையால் தூவித் தட்டிவிட்டு ஊற்றினால் ரெசின் மூலைவரை ஓடும். பிறகு ஒரு பிளாஸ்டிக் பல்குத்தியால் நுனியை லேசாகக் குத்திவிடுங்கள். வேகமாக இறுகும் ரெசினுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் அவகாசம். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஜன்னல் திறந்திருக்கட்டும். வார்த்ததை உப்புத்தாளால் தேய்க்கும்போது முகக்கவசம் போட்டு, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.