மளிகை வாங்கும்போது எடையைப் பாருங்கள்

எண்ணெய் பாக்கெட்டில் விலைக்கு முன் அளவைப் படியுங்கள். 1 லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட் 160 ரூபாய், பக்கத்தில் அதே உயரத்தில் நிற்கும் 850 மி.லி. பாக்கெட் 140 ரூபாய் என்று வையுங்கள். இரண்டாவது லிட்டருக்குக் கிட்டத்தட்ட 165 ஆகிறது. 160 ரூபாய் லிட்டர் பாக்கெட்டே லாபம். எம்.ஆர்.பி. அருகே சின்ன எழுத்தில் ஒரு கிராமுக்கோ மி.லி.க்கோ என்ன விலை என்று இருக்கும். ஆனால் தள்ளுபடி இருந்தால் அது உதவாது, செல்போனில் வகுத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டு ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. அவற்றை வாங்கிய பிறகே மாதப் பட்டியல் எழுதுங்கள். காய்கறிக்கு உழவர் சந்தை, அதுவும் காலையிலேயே.

ரவையையும் கடலை மாவையும் மலிவென்று 5 கிலோ வாங்க வேண்டாம். மழைக்காலத்தில் சீக்கிரமே வண்டு விழும். அரைக் கிலோ போதும்.