திரும்பத் திரும்ப வரும் வயிற்றுவலி: நரம்பு வழிக் காரணங்களைத் தேடும் முறை

பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டால் ஓமத்தண்ணீர், குடற்பூச்சி மருந்து, நாவூறு கழித்தல் என்பதுதான் மட்டக்களப்பு வீடுகளில் பழகிய வரிசை. ஸ்கேனிலும் இரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் அகப்படாமல் வலி மட்டும் மாதாமாதம் வந்துகொண்டிருந்தால், பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன் ஒரு கொப்பியை எடுத்து, வலி தொடங்கிய நேரம், விட்ட நேரம், பிள்ளை விரல் வைத்துக் காட்டிய இடம், முகத்தின் நிறம், முதல்நாள் உறக்கம், உணவு ஆகியவற்றைக் குறித்து வாருங்கள்.

காய்ச்சலோடு வலப்பக்க அடிவயிற்றில் வலி, பச்சை வாந்தி, மலத்தில் இரத்தம், விதைப்பையில் வலி ஆகியவற்றுக்குக் கொப்பி வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள், வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். காலை வாந்தியுடன் தலையிடி, நடையில் தள்ளாட்டம், கால் பலவீனம் ஆகியவையும் தாமதிக்கக் கூடாதவை.

நரம்பு வழிக் காரணங்களில் அதிகம் காணப்படுவது வயிற்று மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலையிடியின் வயிற்று வடிவம். தலையிடி இல்லாமலே, தொப்புளைச் சுற்றி மந்தமான ஆனால் கடுமையான வலி 2 முதல் 72 மணி நேரம் வரை நிற்கும். முகம் வெளிறும், சோற்றைக் கண்டாலே குமட்டும். விட்டபின் பிள்ளை முழுச் சுகமாக ஓடியாடும். தாய்க்கோ அம்மம்மாவுக்கோ ஒற்றைத் தலையிடி உண்டா என்று கேளுங்கள், ஏனெனில் இது குடும்பத்தில் தொடர்வது. கண்ணகி அம்மன் சடங்கில் விழித்த இரவு, கச்சான் காற்று வீசும் நாளில் தண்ணீர் குடியாமல் விளையாடிய மத்தியானம், காலைச் சாப்பாட்டைத் தவிர்த்த பரீட்சை நாள் போன்றவை கொப்பியில் திரும்பத் திரும்பத் தென்படலாம். வலி வந்தால் இருட்டான அறையில் உறங்க விடுவதே முதல் உதவி. பரசிற்றமோல் கொடுப்பதாயின் நிறைக்கேற்ற அளவே கொடுக்க வேண்டும்.

வலி திடீரெனத் தொடங்கிச் சில நிமிடங்களில் நின்று, பிள்ளை வெறித்துப் பார்த்து, குழம்பி, பின் அயர்ந்து தூங்கினால் வயிற்றுவலியாக வெளிப்படும் வலிப்பு நோயாக இருக்கலாம். இது மிக அரிது என்பதால் வீட்டில் ஊகிக்காமல், நிகழ்வைக் கைபேசியில் படம்பிடித்துக் காட்டுங்கள். தேவையெனில் வைத்தியர் மூளையின் மின் அலைப் பதிவு (EEG) எடுப்பார்.

பிள்ளை எப்போதும் ஒரே புள்ளியை ஒற்றை விரலால் காட்டினால் வயிற்றுச் சுவரில் நரம்பு நெரிபட்டிருக்கலாம். மல்லாந்து படுத்த பிள்ளை தலையைத் தூக்கும்போது, அழுத்திய இடத்தில் வலி கூடுகிறதா என்று வைத்தியர் பார்ப்பார். அங்கே விறைப்பூசி போட்டு வலி நின்றால் காரணம் ஏறக்குறைய உறுதி. சிறுவர் கிளினிக்குக்குப் போகும் நாளில், பழைய அறிக்கைகளுக்கு மேலே அந்தக் கொப்பியை வையுங்கள்.