மலைக்காட்டில் இன்று தீ பரவுமா? கோடை இடிமேகத்தையும் வறண்ட காற்றையும் கணிக்கும் முறை

காட்டுத்தீ வானிலை என்றதும் பலரும் முதலில் தேடுவது அன்றைய உச்ச வெப்பநிலையை. அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு கோடைப் பகலில் இடிமேகம் திரண்டு மழை கொட்டிவிடும். வேறொரு நாள், வெயில் அதே அளவு அடித்தும், ஒரு துளிகூடத் தரைக்கு வராமல் மின்னல் மட்டும் இறங்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள இடைவெளி. காற்று எவ்வளவு குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்குமோ, அதுதான் பனிநிலை. கீழே வரும் படிகளில் பாதி இந்த ஒரே கழித்தல் கணக்கிலிருந்து வருபவை.

இது கற்றுக்கொள்வதற்கான முறை. அதிகாரப்பூர்வத் தீ எச்சரிக்கை வந்துவிட்டால் அதுவே முடிவு, நம் கணக்கு அதற்கு மேல் இல்லை.

படி 1: கருவிகளும் அளவெடுப்பும்

கையில் சுழற்றும் ஈரமானி ஒன்று, சிறிய காற்றுமானி, திசைகாட்டி, நோட்டு. போனில் ரேடார், மின்னல் வரைபடம், பலூன் ஏற்றி எடுக்கும் மேல்வளி விவரம் ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும்.

ஈரமானியில் இரண்டு வெப்பமானிகள் இருக்கும். ஒன்றின் குமிழில் பருத்தித் திரி சுற்றியிருக்கும். அதைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, நிழலில், காற்று வரும் திசையைப் பார்த்து நின்று, கையை உடலைவிட்டுத் தள்ளி நீட்டிச் சுழற்ற வேண்டும். ஒரு நிமிடம் சுழற்றி ஈரக் குமிழைப் படியுங்கள். மறுபடி சுழற்றிப் படியுங்கள். அளவு இறங்குவது நிற்கும்வரை இதைத் தொடர வேண்டும். எப்போதும் ஈரக் குமிழைத்தான் முதலில் படிக்க வேண்டும், ஏனென்றால் சுழற்சி நின்றதும் அது ஏறத் தொடங்கிவிடும்.

இங்கே நடக்கும் தவறுகள் ஏறக்குறைய எல்லாமே ஈரப்பதத்தைக் கூட்டித்தான் காட்டும். அழுக்கான திரி, உப்புப் படிந்த நீர், மெதுவான சுழற்சி ஆகிய மூன்றும் ஈரக் குமிழைப் போதுமான அளவு குளிரவிடாது. ஆபத்தான நாள் சாதுவாகத் தெரியும்.

தவறு எதிர்ப்பக்கமும் போகலாம். இரண்டு குமிழ்களின் அளவையும் ஈரப்பதமாக மாற்றித் தரும் பட்டியல் உயரத்துக்கு உயரம் மாறும். நிற்கும் உயரத்துக்கு ஏற்றதைப் பயன்படுத்தாவிட்டால் அப்படி ஆகும். உலர் குமிழ் 34, ஈரக் குமிழ் 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கான பட்டியலில் இது 15 சதவீத ஈரப்பதம். கடல்மட்டப் பட்டியலில் பார்த்தால் 11 அல்லது 12 வரும்.

படி 2: காலையில் மதியத்தைக் கணக்கிடுதல்

காற்றில் உள்ள ஈரம் மாறாதவரை, வெப்பநிலை 11 டிகிரி ஏறினால் ஈரப்பதம் ஏறத்தாழப் பாதியாகும். காலை பத்து மணிக்கு 24 டிகிரியும் 27 சதவீதமும் இருந்து, மதிய உச்சம் 34 என்று முன்னறிவிப்பு சொன்னால், மதியம் 15 சதவீதத்தை ஒட்டி எதிர்பார்க்கலாம். இதில் பனிநிலை சுமார் 4 டிகிரி.

இப்போது கழித்தல். 34-இலிருந்து 4 போனால் இடைவெளி 30. ஒவ்வொரு டிகிரிக்கும் 125 மீட்டர் என்று பெருக்கினால் மேகத்தின் அடிப்பகுதி தலைக்கு மேலே சுமார் 3,750 மீட்டரில் இருக்கும். அங்கிருந்து விழும் மழை அத்தனை தூரமும் வறண்ட காற்றுக்குள் வர வேண்டும். வழியிலேயே ஆவியாகிவிடும். மின்னலுக்கு அந்தத் தடை கிடையாது.

இன்னொரு நாள் 30 டிகிரி, பனிநிலை 16 என்றால் இடைவெளி 14, மேக அடி 1,750 மீட்டர். அந்த நாளில் இடிமேகம் வளர்ந்தால் மழை தரைக்கு வர நல்ல வாய்ப்பு உண்டு.

மழை என்றால் எவ்வளவு? அமெரிக்க வழக்கில் 2.5 மி.மீ.க்குக் குறைவாகத் தரும் இடிமேகத்தை உலர் இடிமேகம் என்பார்கள். அந்த அளவு மழை புல்லையும் சருகையும் நனைக்கும்தான். ஆனால் 6 மி.மீ.க்கும் மெல்லிய சுள்ளியும் சருகும் ஒரு மணி நேர வெயிலிலேயே பெருமளவு உலர்ந்துவிடும். முந்தின நாள் மழை பெய்தது என்று நிம்மதியாக இருக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

30 டிகிரிக்கு மேல் வெப்பம், 30 சதவீதத்துக்குக் கீழ் ஈரப்பதம், மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் காற்று என்று ஒரு விதி பரவலாகச் சொல்லப்படுகிறது. நினைவில் வைக்க எளிது, மலையில் ஏமாற்றும். 2,500 மீட்டர் உயரத்தில் 24 டிகிரியும் 12 சதவீதமும் இருக்கும்போது விதி பொருந்தாது, தீ நன்றாகவே ஓடும்.

படி 3: மேல்வளியை ஒருமுறை பார்ப்பது

மேல்வளி வரைபடத்தில் வெப்பநிலைக்கு ஒரு கோடு, பனிநிலைக்கு ஒரு கோடு இருக்கும். தரையருகே இரண்டும் அகலமாக விலகி, மேலே போகப் போக நெருங்கி, கவிழ்த்த 'வி' போலத் தெரிந்தால் உலர் மின்னலுக்கும் பலத்த கீழிறங்கு காற்றுக்கும் மேடை தயார். காலை வரைபடத்தில் தரையை ஒட்டிய பகுதி குளிர்ந்து கிடக்கும். மதிய உச்ச வெப்பநிலையை அதில் வைத்துக் கற்பனை செய்துகொண்டு பார்க்க வேண்டும்.

எண்ணாக வேண்டுமென்றால் ஹெய்ன்ஸ் குறியீடு, அதாவது தீ பெரிதாக வளர மேல்வளி எவ்வளவு உதவும் என்று காட்டும் எண். உயரமான நிலப்பகுதிக்கு, காற்றழுத்தம் 700, 500 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் இரண்டு மட்டங்களை எடுங்கள். இரண்டுக்கும் இடையே வெப்பநிலை வித்தியாசம் 18-க்குக் கீழ் என்றால் 1, 18 முதல் 21 வரை 2, அதற்கு மேல் 3. அடுத்து 700 மட்டத்தில் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள இடைவெளி: 15-க்குக் கீழ் 1, 15 முதல் 20 வரை 2, அதற்கு மேல் 3. கூட்டுத்தொகை 6 வந்தால், பிடித்த தீ பெரிய புகைத்தூணாக எழும் சாத்தியம் அதிகம். இந்தக் குறியீட்டில் காற்றின் வேகம் சேரவில்லை. வறண்ட மலைநாட்டுக் கோடையில் 5-உம் 6-உம் அடிக்கடி வரும் என்பதால், தனியாக இதை நம்பி முடிவெடுப்பது வீண்.

படி 4: மலையின் அன்றாடக் காற்று

பெரிய காற்று எதுவும் இல்லாத நாளில் மலை தன் காற்றைத் தானே உண்டாக்கும். காலையில் கிழக்குச் சரிவு முதலில் சூடாகி அங்கே காற்று மேல்நோக்கி ஏறத் தொடங்கும். பிற்பகலில் பள்ளத்தாக்கு முழுவதும் மேல்நோக்கி வீசும். அந்தி சாய்ந்ததும் ஓய்ந்து, பிறகு கீழ்நோக்கித் திரும்பும். காற்று மேலேறும் நேரமும் செங்குத்துச் சரிவும் சேர்ந்தால் மோசம்: சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் மேலேறும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

இரவில் குளிர்காற்று பள்ளத்தில் தேங்கும். சரிவின் நடுப்பகுதியில் மட்டும் வெதுவெதுப்பான பட்டை ஒன்று நிற்கும். பள்ளத்தாக்கு வானிலை நிலையத்தில் ஈரப்பதம் 80 சதவீதம் என்று காட்டினாலும், அந்தப் பட்டையில் தீ இரவெல்லாம் எரியும். எனவே எந்த நிலையத்தின் அளவு, எந்த உயரம் என்று பார்க்காமல் ஈரப்பதத்தை எழுதாதீர்கள்.

காற்றுமானி அளவிலும் இதே கவனம் தேவை. முன்னறிவிப்பு சொல்லும் காற்று 6 அல்லது 10 மீட்டர் உயரத்துக்கானது. திறந்தவெளியில் கண்மட்டத்தில் அதில் பாதிகூட வராது, அடர்ந்த மரநிழலில் பத்தில் ஒன்று, இரண்டு பங்குதான் இருக்கும். கையில் 10 கி.மீ. காட்டுகிறதே என்று முன்னறிவிப்பைத் தவறு என்று சொல்லிவிட வேண்டாம்.

படி 5: வெளியிலிருந்து வரும் வறண்ட காற்று

இரண்டு வகையைக் கவனிக்க வேண்டும். ஒன்று, மழையில்லாமல் கடக்கும் குளிர்முகம், அதாவது முன்னேறி வரும் குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு. வட அரைக்கோளத்தில் இது நெருங்கும்போது தென்மேற்குக் காற்று வலுக்கும், கடந்ததும் வடமேற்காகத் திரும்பும். அதுவரை தீயின் பக்கவாட்டாக இருந்த நீண்ட ஓரம் முழுவதும் ஒரேயடியாக முன்முகமாகிவிடும். 1994 ஜூலை 6 அன்று கொலராடோவின் ஸ்டார்ம் கிங் மலையில் 14 தீயணைப்பாளர்கள் இறந்தபோது அங்கே வீசியது இப்படிப்பட்ட வறண்ட குளிர்முகத்தின் காற்றுதான்.

மற்றொன்று, முகட்டைத் தாண்டிக் கீழிறங்கும் காற்று. 1,000 மீட்டர் இறங்கினால் சுமார் 10 டிகிரி சூடாகும், அதற்கேற்ப உலரும். அடையாளம்: நள்ளிரவிலும் முகட்டு நிலையத்தில் ஈரப்பதம் ஏறாது. மலைத்தொடரின் இரு பக்கமும் கடல்மட்ட அழுத்தத்தை ஒப்பிட்டு வித்தியாசம் கூடிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள்.

படி 6: நண்பகலுக்குப் பிறகு வானம்

காலையிலேயே நடுமட்டத்தில் கோட்டைச் சுவரின் பற்கள் போல மேகம் முளைத்தால் மேலே நிலையின்மை இருக்கிறது, அதாவது காற்று எளிதில் மேலெழும் நிலை. மதியம் முகடுகளுக்கு மேல் குவியல் மேகம் உயரமாக வளர்வதைப் பாருங்கள். அடியில் சாம்பல் நிறத் திரைபோல மழை தொங்கி, தரைக்கு வராமல் பாதியில் கரைந்தால் அதுதான் எச்சரிக்கை மணி. ஆவியாகும் மழை காற்றைக் குளிர்விக்கும். குளிர்ந்த காற்று கனத்துக் கீழே விழுந்து, தரையில் மோதி எல்லாப் பக்கமும் பாயும். வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் இடைவெளி பெரிதாக இருந்த நாளில் இந்தப் பாய்ச்சலும் பெரிது. பள்ளத்தாக்குகள் அதைக் குழாய் போல வெகுதூரம் கொண்டுபோகும். அதனால் 30 கி.மீ. தள்ளி நிற்கும் மேகத்தையும் கணக்கில் சேருங்கள்.

அரிசோனாவின் யார்னல் ஹில் தீயை 2013 ஜூன் 28 அன்று மூட்டியது மின்னல். இரண்டு நாள் கழித்து, அருகே இருந்த இடிமேகங்களின் பாய்ச்சல் காற்று தீயின் திசையைத் திருப்பியதில் 19 தீயணைப்பாளர்கள் இறந்தார்கள். தீக்கு அருகில் வேலை செய்பவர்கள் தூரத்தில் எழும் புழுதிச் சுவர், திடீர் அமைதி, முகத்தில் படும் குளிர் ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலே நகர வேண்டும். குளிர் படும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 30 நொடிக்குள் வந்தால் முகட்டைவிட்டு இறங்குங்கள்.

படி 7: மின்னல் போன பின்

மின்னல் விழுந்த மரம் உடனே எரிய வேண்டியதில்லை. வேரடி மக்கில் கனன்று, பல நாள் கழித்து முதல் வறண்ட, காற்றடிக்கும் பிற்பகலில் தலைகாட்டும். மின்னல் வரைபடத்திலிருந்து விழுந்த இடங்களைக் குறித்து, ரேடாரில் நல்ல மழை பெற்றவற்றைக் கடைசி இடத்துக்குத் தள்ளுங்கள். மீதியை எதிர் முகட்டிலிருந்து, காலை மூடுபடலம் கலையும் நேரத்திலும் பிற்பகலிலும் தேடுங்கள்.

மழைக்குப் பின் மரங்களுக்கிடையே எழும் நீராவித் துணுக்குகள் புதியவர்களை நிச்சயம் ஏமாற்றும். அவை தூய வெள்ளையாக இருக்கும், இடம் மாறும், கொஞ்சம் உயர்ந்ததும் கரையும். புகை நீலச் சாயலோடு ஒரே புள்ளியிலிருந்து திரும்பத் திரும்ப எழும். பத்து நிமிடம் பார்த்தும் அதன் அடிப்பகுதி நகரவில்லை என்றால் திசைகாட்டியில் கோணத்தைக் குறித்துக்கொண்டு, இன்னொரு இடத்துக்குப் போய் மறுபடி குறியுங்கள். வரைபடத்தில் இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தை வனத்துறைக்குச் சொல்லுங்கள்.