கணக்குத் தொடங்காமல் சுயாதீன இசையைத் தேடுவது எப்படி: படிப்படியாக

சின்ன இசைக்குழுக்களைத் தேடிக் கேட்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. ஒரு பாட்டைக் கேட்கக் கணக்கு, இன்னொன்றை இறக்க மின்னஞ்சல், இன்னும் வெளிவராத பாட்டு, வந்ததும் தானாக நம் பட்டியலில் சேரும்படி ‘ப்ரீ-சேவ்’ செய்ய ஸ்பாட்டிஃபை அனுமதி. நாம் ரசிகராவதற்குள் நம் முகவரி எங்கெங்கோ போய்விடுகிறது. கீழே உள்ள ஏற்பாட்டைச் செய்ய ஒரு மணி நேரம் போதும். ஃபயர்ஃபாக்ஸ், அதில் விளம்பரங்களையும் கண்காணிப்பையும் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் நீட்சி, ஓர் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் தொடங்கலாம். (குரோமில் இப்போது யூபிளாக்கின் ‘லைட்’ வடிவம் மட்டுமே ஓடும், அதனால்தான் ஃபயர்ஃபாக்ஸ்.)

படி 1: ஏற்கெனவே என்ன போயிருக்கிறது?

ஸ்பாட்டிஃபை வைத்திருப்பவர்கள் கணினி பிரவுசரில் கணக்குப் பக்கத்துக்குப் போய், பிரைவசி பகுதியில் ‘எக்ஸ்டெண்டட் ஸ்ட்ரீமிங் ஹிஸ்டரி’ என்பதை டிக் செய்து கோரிக்கை அனுப்புங்கள். உடனே உறுதிப்படுத்தும் மெயில் ஒன்று வரும். அதைச் சொடுக்காவிட்டால் கோரிக்கை பதிவாகாது. பலரும் தவறவிடுவது இதைத்தான். சாதாரணக் கணக்குத் தகவல் 5 நாளில் வரும், இதற்கு 30 நாள் வரை ஆகலாம்.

வரும் ஜேசன் கோப்பை ஃபயர்ஃபாக்ஸிலேயே திறக்கலாம். ஒவ்வொரு பாட்டுக்கும் எத்தனை மில்லிசெகண்ட் கேட்டீர்கள், எந்த ஐபி முகவரியிலிருந்து, எந்தக் கருவியில், பாதியில் தாண்டினீர்களா என்றெல்லாம் இருக்கும். ‘இன்காக்னிட்டோ மோட்’ என்றொரு புலமும் இருக்கும். பிரைவேட் செஷனில் கேட்டவையும் பதிவாகின்றன, அது பிரைவேட் செஷன் என்ற குறிப்போடு! அந்தப் பொத்தான் நண்பர்களிடமிருந்துதான் மறைக்கும், நிறுவனத்திடமிருந்து அல்ல. தகவல் கேட்டவர்களுக்கு அதன் பயன்பாட்டைத் தெளிவாக விளக்கவில்லை என்று ஸ்வீடனின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 ஜூனில் ஸ்பாட்டிஃபைக்கு 5.8 கோடி குரோனா அபராதம் விதித்தது.

படி 2: பழைய அனுமதிகளை வெட்டுங்கள்

அதே கணக்குப் பக்கத்தில் ‘மேனேஜ் ஆப்ஸ்’ பட்டியலைத் திறந்தால், எப்போதோ ஒரு ப்ரீ-சேவுக்காகத் தந்த அனுமதிகள் இருக்கும். பாட்டு வெளிவந்த பிறகும் அவை தாமாக நீங்குவதில்லை. ‘ரிமூவ் ஆக்சஸ்’ அழுத்துங்கள். வெளியீட்டு நாளுக்கு முன்பே நீக்கினால் அந்தப் பாட்டு உங்கள் பட்டியலில் சேராது, அவ்வளவுதான் இழப்பு.

விபிஎன் (இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் சேவை) போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: லாகின் செய்து கேட்கும்வரை விபிஎன் மாற்றுவது ஐபி முகவரியை மட்டும்தான். பெயரோடு பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு முகமூடி அணிவது போல.

படி 3: பின்தொடர வேண்டியவை உங்கள் போனில் இருக்கட்டும்

எஃப்-டிராய்டு என்ற ஆப் களஞ்சியத்தை அதன் சொந்தத் தளத்திலிருந்து நிறுவி, அதிலிருந்து நியூபைப் (வீடியோவும் இசையும் ஓட்டும் ஆப்), ஃபீடர் (தளங்களின் புதிய கட்டுரைகளைத் திரட்டும் ஆப்) இரண்டையும் இறக்குங்கள். நியூபைப் பிளே ஸ்டோரில் கிடையாது. அங்கே அதே பெயரில் தென்படுபவற்றைத் தொடாதீர்கள்.

நியூபைப்பில் கூகுள் கணக்கு இல்லாமலே யூடியூப் சேனல்களைப் பின்தொடரலாம். இசைத் தளங்களான சவுண்ட்கிளவுட், பேண்ட்கேம்ப் (கலைஞர்களே தங்கள் ஆல்பங்களை விற்கும் தளம்) இரண்டும் அதிலேயே உண்டு. இடப்பக்க மெனுவில் சேவையை மாற்றிக்கொள்ளுங்கள். சியாட்டிலின் கேஇஎக்ஸ்பி வானொலி தன் ஸ்டுடியோவில் பதிவுசெய்யும் நேரடி நிகழ்ச்சிகளின் சேனல் தொடங்குவதற்கு நல்ல இடம். யூடியூப் தன் உள்ளமைப்பை மாற்றும்போதெல்லாம் நியூபைப் படுத்துவிடும். புதுப்பிப்பு வரும்வரை பொறுக்க வேண்டும். நியூபைப்பின் சொந்தக் களஞ்சியத்தையும் எஃப்-டிராய்டில் சேர்த்துவைத்தால் அது சீக்கிரம் வந்துசேரும். சந்தா பட்டியலை மாதம் ஒருமுறை ஏற்றுமதி செய்துவையுங்கள். போன் போனால் பட்டியலும் போகும். சர்வரில் பிரதி எதுவும் இருக்காது.

ஃபீடரில் ‘பேண்ட்கேம்ப் டெய்லி’ தளத்தின் முகவரியை ஒட்டுங்கள். புதிய இசை பற்றிய கட்டுரைகள் மெயில் கொடுக்காமலே வந்துசேரும்.

படி 4: தேடல்

பேண்ட்கேம்பின் டிஸ்கவர் பக்கத்தில் பாணிப் பெயரை மட்டும் போட்டால் கூட்டத்தில் காணாமல் போவீர்கள். ‘ஷூகேஸ்’ (கிட்டார் இரைச்சலில் குரல் மங்கிக் கேட்கும் ராக் பாணி) என்று தேடுவதைவிட அதோடு ஊரையும் சேர்த்துத் தேடுங்கள். ஜகார்த்தா, சென்னை, கிளாஸ்கோ என்று ஊர்ப்பெயரைக் குழுக்களே தங்கள் ஆல்பங்களில் டேக்காகப் போடுவார்கள்.

அடுத்தது, பழகியவர்கள் நம்பும் வழி. பிடித்த ஆல்பம் ஒன்றின் பக்கத்தில், அதை வாங்கியவர்களின் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். யாரும் கேள்விப்படாத ஆல்பமாக இருந்தால் இன்னும் நல்லது. ஆயிரம் பேர் வாங்கியதை வைத்து ரசனையைக் கணிக்க முடியாது, பன்னிரண்டு பேர் வாங்கியதை வைத்து முடியும். அவர்களில் ஒருவரைச் சொடுக்கினால் அவர் வாங்கிய மொத்தத் தொகுப்பும் திறக்கும். உங்களிடம் ஏற்கெனவே உள்ள ஆல்பங்கள் அதில் மூன்று இருந்தால், மீதியை நிதானமாகக் கேளுங்கள். அல்காரிதம் தராத பொருத்தம் இதில் கிடைக்கும்.

கவனித்தீர்களா? இந்த வழி நடப்பதே பிறருடைய தொகுப்பு வெளிப்படையாக இருப்பதால்தான். ரசிகர் கணக்கு தொடங்கினால் உங்களுடையதும் இப்படித்தான் தெரியும். அதில் சம்மதமானால் தொடங்குங்கள். இல்லாவிட்டால் கணக்கில்லாமலே வாங்க முடியும்.

படி 5: விருந்தினராக வாங்குவது

முதலில் ஒரு மாற்று முகவரி வேண்டும், அதாவது வரும் மெயிலை உங்கள் உண்மை முகவரிக்குத் திருப்பிவிடும் முகவரி. ஃபயர்ஃபாக்ஸ் ரிலே இலவசமாக 5 முகவரி தருகிறது. டக்டக்கோவின் மின்னஞ்சல் சேவையில் எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. ஜிமெயிலில் பெயருக்குப் பின் கூட்டல் குறி போடும் தந்திரத்தை நம்பாதீர்கள். கூட்டலுக்குப் பின்னுள்ளதை நீக்கினால் அசல் முகவரி கையில்.

‘நேம் யுவர் பிரைஸ்’ என்றிருந்தால், கலைஞர் குறைந்தபட்சம் வைக்காதபோது பூஜ்யம் போடலாம். ஆனால் இலவச இறக்கத்துக்குக் கலைஞர் மெயில் கேட்க முடியும். மாற்று முகவரி வேலை செய்வது இங்கேதான். காசு கொடுத்து வாங்கினால் இறக்கும் சுட்டி மெயிலில் வரும். அந்த மெயில்தான் உங்கள் ரசீது. அதைப் பத்திரப்படுத்தி வைக்கும்வரை மாற்று முகவரியை அழிக்காதீர்கள்.

யூபிஐ கிடையாது, கார்டு அல்லது பேபால். இந்தியக் கார்டு மறுக்கப்பட்டால் பதறவேண்டாம். 2020 மார்ச் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கியே வரும். வங்கி ஆப்பில் திறந்து, வாங்கி, மறுபடி மூடிவிடுங்கள்.

டிஜிட்டல் விற்பனையில் பேண்ட்கேம்ப் 15 சதவீதம் எடுக்கும். 2020 மார்ச்சில் தொடங்கிய ‘பேண்ட்கேம்ப் ஃப்ரைடே’ நாட்களில் அந்தப் பங்கை விட்டுக்கொடுக்கிறது. நாள் கணக்கிடப்படுவது அமெரிக்காவின் பசிபிக் நேரப்படி என்பதால் இந்தியாவிலும் இலங்கையிலும் வெள்ளி மதியம் 12.30 அல்லது 1.30க்குத்தான் ஆரம்பம். காலையிலேயே வாங்கினால் சலுகை கலைஞருக்குப் போகாது.

வாங்கியதை உடனே இறக்குங்கள். பேண்ட்கேம்ப் 2022இல் எபிக் கேம்ஸ் கைக்கும், அடுத்த ஆண்டே சாங்டிரேடர் கைக்கும் போனது. அடுத்த முதலாளி யாரென்று சொல்ல முடியாது. போனுக்கு 320 கிலோபிட் எம்பி3 போதும், 40 நிமிட ஆல்பம் 96 எம்பி வரும். கணினியில் சேமிக்க ஃபிளாக் (ஒலித்தரம் குறையாத வடிவம்) எடுங்கள். ஆல்பம் ஜிப்பாக வரும், விரித்த பிறகுதான் பிளேயர் கண்டுகொள்ளும். கேட்க விஎல்சி போதும்.

படி 6: பகிரும் முன் வாலை நறுக்குங்கள்

ஸ்பாட்டிஃபை சுட்டியின் கடைசியில் கேள்விக்குறிக்குப் பின் ‘எஸ்ஐ’ (si) என்று தொடங்கும் எழுத்துக் குவியல், யார் பகிர்ந்தது என்பதைத் தொடரும் அடையாளம். கேள்விக்குறி முதல் அழித்துவிடுங்கள், பாட்டு அப்படியே திறக்கும். யூடியூபின் சுருக்கச் சுட்டியிலும் இதேபோல்தான். நீளச் சுட்டியில் மட்டும் கவனம்: கேள்விக்குறிக்குப் பின் வரும் ‘வி’ (v) வீடியோவின் அடையாளம், அதை வெட்டினால் எதுவும் ஓடாது. ‘&’ குறியிலிருந்து வெட்டுங்கள்.