முதல் மாரியில் மரம் வைக்காதீர்கள்

கிளிநொச்சி வட்டக்கச்சியில் எங்கள் வளவு ஒன்றரை ஏக்கர். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வந்து குடியேறிய ஐயாவுக்குக் கிடைத்த மேட்டுக்காணி. 2009 தையில் சண்டைக்குள் விட்டுப்போட்டுப் போனோம். 2010 ஆவணியில் திரும்பி வந்தபோது கிணற்றுக்கட்டும், தலையறுந்த பதினொரு தென்னையும், ஆள் உயரத்துக்கு நாயுண்ணிப் பற்றையும்தான் நின்றன. "அக்கா, இவ்வளவு பெரிய வளவை எப்பிடித் தனியப் பாக்கிறியள்?" என்று இப்போது வருகிறவர்கள் கேட்கிறார்கள். தாய்தகப்பன் விட்டுப்போன காணியைத் துப்புரவாக்கவென்று வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள்தான் கூடுதலாகக் கேட்பது. அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

கத்தியைத் தொடமுன் ஒன்று. சண்டை நடந்த இடம் என்றால், கண்ணிவெடி அகற்றிக் கையளித்த காணியாக இருந்தாலும், கிண்டும்போது துருப்பிடித்த இரும்போ வயரோ இனந்தெரியாத பிளாஸ்ரிக் மூடியோ கண்டால் வேலையை அந்த இடத்திலேயே விடுங்கள். வந்த கால்தடத்திலேயே திரும்புங்கள். தொடவேண்டாம், எறியவேண்டாம். பாதைக்கு வந்தபிறகு இடத்தை அடையாளம் வைத்துப் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். பற்றையை வெட்டிக் குவித்து நெருப்பு வைப்பதும் இதே காரணத்துக்காகக் கூடாது. பழைய மரம் தறிக்க ஆள் பிடித்தால் மரத்துக்குள் எறிகணைச் செல் துண்டு இருக்கலாம் என்று வாள்காரருக்கு முதலே சொல்லிவிடுங்கள். பலாவும் பனையும் என்றால் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்காமல் தறிக்க முடியாது.

நான் விட்ட பெரிய பிழை 2011 இல். கடன்பட்டு மண் வழிக்கிற இயந்திரம், ஒரு பெக்கோ, பிடித்தேன். ஒரே நாளில் பற்றையெல்லாம் போய்விடும் என்றார்கள், போனது. மேல்மண்ணும் சேர்ந்து போனது. எங்கள் வளவில் மேலே அரை அடிதான் கறுத்த மண், வருடக்கணக்காகச் சருகு விழுந்து உக்கியது. அதன் கீழே கோடையில் அலவாங்கு போட்டாலும் இறங்காத இறுகிய செம்மண். அந்த அரை அடியை வழித்து வடக்கு மூலையில் குவித்துவிட்டு இயந்திரம் போய்விட்டது. அடுத்த மாரியில் மொட்டைத் தரையில் முதலில் எழும்பியது பார்த்தீனியம். குவித்த மண்ணைக் கடகத்தில் அள்ளித் திரும்பவும் பரவ எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

ஆகவே பற்றையைக் கையால் வெட்டுங்கள், ஒரு வருடத்தில் கால் ஏக்கர் போதும். நாயுண்ணியை நிலத்தோடு வெட்டிவிட்டு, முதல் மழைக்கு மண் இளகியபின் வேரைக் கிண்டுங்கள். கோடையில் வேரோடு மல்லுக்கட்டினால் முதுகுதான் போகும். பார்த்தீனியத்தைப் பூக்கமுன் பிடுங்கவேண்டும். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோலில் பட்டால் கடிக்கும். பற்றைக்குள் தானாக முளைத்து நிற்கிற வேம்பு, நாவல், பாலை, முதிரைக் கன்றுகளை முதலே தேடி ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணி கட்டிவிட்டுத்தான் நான் இப்போது கத்தி எடுக்கிறேன். பாலை மிகவும் மெதுவாக வளர்கிற மரம். இடுப்பளவு நிற்கிற ஒரு பாலைக்கன்று எத்தனை வருடத்து வளர்த்தி என்பதை வெட்டியபிறகு யோசித்துப் பயனில்லை.

இனி மழை. எங்களுக்கு வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த முதல் மாரியில் ஒரு மரமும் வைக்காதீர்கள். பத்து முப்பது தடி சீவி வைத்துக்கொண்டு, பெருமழை பெய்யும்போது குடையோடு வளவைச் சுற்றுங்கள். தண்ணீர் எந்தப் பக்கத்தால் உள்ளே வருகிறது, எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்துப் பார்த்துத் தடி ஊன்றுங்கள். மழை விட்டு மூன்றாம் நாளும் தண்ணீர் நிற்கிற இடத்துக்கு வேறு நிறத்தில் துணி கட்டுங்கள். அங்கே மாவும் வேண்டாம், தென்னையும் வேண்டாம், பப்பாசி நினைக்கவே வேண்டாம். நான் அவசரப்பட்டு 2012 இல் தெற்குப் பள்ளத்தில் நான்கு ஒட்டுமாங்கன்று வைத்தேன். ஆறு வருடம் நன்றாகத்தான் நின்றன. 2018 மார்கழியில் இரணைமடுவின் கதவுகள் திறந்த அந்த வெள்ளத்தில் எங்கள் பள்ளம் இரண்டு கிழமை குளமாகக் கிடந்தது. மாசிக்குள் நான்கும் இலை கொட்டிப் பட்டுப்போயின. காய்க்கத் தொடங்கியிருந்த கறுத்தக்கொழும்பான். இப்போதும் அந்தப் பக்கம் போனால் மனம் கனக்கும். அதே பள்ளத்தில் பிறகு மருதும் நாவலும் வைத்தேன். இரண்டும் தண்ணீர் நின்றாலும் தாங்கும். கீழே வல்லாரையும் பொன்னாங்காணியும் தானாகவே படர்ந்துவிட்டன.

தண்ணீர் வெளியே ஓடுகிற வழியை அடைக்காதீர்கள், அது அடுத்த வளவுக்காரரோடு கோட்டுக்குப் போகிற வேலை. வேகத்தைக் குறையுங்கள். சரிவுக்குக் குறுக்கே ஒரு முழ ஆழத்தில் கான் வெட்டி, அதற்குள் தேங்காய்ப் பொச்சும் சருகும் போட்டு நிரப்பிவிடுங்கள். தண்ணீர் அதில் தங்கித் தங்கி நிலத்துக்குள் இறங்கும்.

இரண்டாம் வருடம் வேலி. முட்கம்பி அடிக்க வசதி இருந்தாலும் கம்பிக்கு இடையில் கதியால், அதாவது ஊன்றினால் வேர்விட்டு மரமாகிற தடி, போடுங்கள். எங்கள் வேலியில் முக்கால்வாசி கிளிசறியா, மேற்கே மட்டும் பூவரசு. சோளகக் காற்று தென்மேற்கிலிருந்துதான் அடிக்கிறது. வைகாசி தொடங்கி அந்தக் காற்று இளங்கன்றுகளை உலர்த்திவிடும், பூவரசு அதை மறிக்கும். கதியாலுக்கு முற்றின தடி வேண்டும், மணிக்கட்டுத் தடிப்பு, ஐந்தாறு அடி நீளம். அடியைச் சரிவாக வெட்டி, நிழலில் சில நாள் நிமிர்த்தி வைத்து, புரட்டாதிக் கடைசியில் ஒரு அடி ஆழத்தில் ஊன்றுங்கள். ஊன்றியபின் ஆட்டிப் பார்க்கிற பழக்கம் சிலருக்கு உண்டு, அது வேரை அறுக்கும்.

கிளிசறியாக் குழை எனக்குப் பசளைக்கடை. தை மாசியில் மண் இன்னும் ஈரமாக இருக்கும்போதே வேலியைக் கவ்வாத்துப் பண்ணி, குழை முழுவதையும் தென்னையடிக்கும் மாவடிக்கும் தடிப்பாகப் பரவுவேன். பங்குனி வெயில் வரமுன் நிலம் மூடியிருக்கவேண்டும். குழை உக்கிப் பசளையாகும், ஈரமும் நிற்கும். ஒரு சாண் இடைவெளியாவது தண்டைச் சுற்றி விடுங்கள், ஒட்டப் போட்டால் கறையான் ஏறும்.

சருகு விடயத்தில் எங்கள் ஆட்களோடு எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. விடிய எழும்பி வளவு முழுதும் கூட்டி, குவித்து, கொளுத்துவார்கள். வீட்டைச் சுற்றி இருபது அடி மொட்டையாக, ஈர்க்குமாறு பட்ட தரையாக இருக்கத்தான் வேண்டும். புடையன் பாம்பு கிடந்தால் கண்ணுக்குத் தெரியவேண்டும், பிள்ளைகள் நடக்கிற இடம். விறகு அடுக்கும் கல்லுக் குவியலும் அந்த வட்டத்துக்கு வெளியே. ஆனால் அதற்கு அப்பால் கூட்டுவது மண்ணின் சாப்பாட்டைப் பறிப்பது. நான் முற்றத்துச் சருகையும் அள்ளி மரத்தடிக்குத்தான் கொண்டுபோகிறேன். பெக்கோ வழித்த இடத்தில் பத்து வருடம் இப்படிச் சருகு போட்டபின் இப்போது விரல் நீளத்துக்குக் கறுத்த மண் வந்திருக்கிறது. மண்வெட்டி போட்டால் மண்புழு நெளிகிறது. அதைப் பார்த்த அன்று நான் அந்த இடத்திலேயே குந்தியிருந்து கொஞ்சநேரம் அழுதேன்.

மரம் மூன்றாம் வருடம். தென்னைக்கு ஆவணியிலேயே மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் குழி வெட்டி வெயில் பட விடுங்கள். கிடங்குக்குக் கிடங்கு 26 அடி. நெருக்கி வைத்தால் முப்பது வருடத்துக்கு ஒன்றோடொன்று வெயிலுக்குச் சண்டை பிடிக்கும். அடியில் பொச்சை இரண்டு அடுக்காக, உட்குழி மேலே பார்க்க அடுக்கி, இடையிடையே மண் தூவுங்கள்; மழைத் தண்ணீரைக் கோடைக்குப் பிடித்து வைத்திருப்பது அதுதான். மேல்மண்ணும் உக்கிய மாட்டெருவும் கலந்து, மேலே ஒரு அடி மிச்சம் இருக்கத்தக்கதாக நிரப்பி, ஐப்பசியில் நல்ல மழை இரண்டு கண்டபின் கன்றை வையுங்கள். கன்று வளர வளரக் கிடங்கும் நிரம்பும். நான் 2012 இல் மேட்டில் வைத்தவை 2018 இல் பாளை தள்ளின.

வாழை கிணற்றடியில், குளிக்கிற தண்ணீர் ஓடுகிற வழியில். முருங்கை, கறிவேப்பிலை, தேசி குசினிக்குப் பின்னால். தினமும் கை போகிற மரம் கண்ணுக்கு முன்னால் நிற்கவேண்டும். தூரப் பக்கத்துக்கு நான் பராமரிப்புக் கேட்காத பனை, வேம்பு, தேக்கு என்றுதான் விட்டிருக்கிறேன்.

முதல் மூன்று கோடைதான் கன்றுக்குக் கண்டம். கிழமைக்கு இரண்டு தரம், மாலையில், கன்றுக்கு இரண்டு வாளி. தூரத்துக் கன்றுகளுக்குப் பழைய மண்பானையின் அடியில் சின்ன ஓட்டை போட்டுத் துணித்திரி சொருகிக் கழுத்தளவு புதைத்து வைத்திருக்கிறேன். ஒருமுறை நிரப்பினால் மூன்று நான்கு நாள் கசியும். நுளம்பு முட்டையிடாமல் மூடி போடவேண்டும்.

பன்றி கன்றைக் கிண்டும், சுற்றி அலம்பல் கொப்புகள் போட்டு நெருக்கிக் கட்டினால் தப்பும். குரங்குக்கு நான் மருந்து கண்டுபிடிக்கவில்லை. கூரைக்குத் தாவுகிற கொப்புகளை வெட்டியும், கொய்யாவை வீட்டோடு வைத்தும் பாதியையாவது காப்பாற்றுகிறேன்.

ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். எந்த மரம் எந்த மாதம் வைத்தது, கிணற்றில் ஆவணியில் எத்தனை முழம் தண்ணீர், எந்த மூலையில் வெள்ளம் நின்றது. என்னிடம் மூன்று கொப்பி இருக்கிறது. பள்ளத்தில் மா வைத்த பிழையை அதைப் புரட்டித்தான் கண்டேன்; 2011 மாரியில் அங்கே தண்ணீர் நின்றது என்று என் கையாலேயே எழுதியிருந்தேன்.

இந்த ஆவணியில் வடக்கு மூலையில், முன்பு மண் குவிந்து கிடந்த இடத்தில், மூன்று கிடங்கு வெட்டியிருக்கிறேன். பொச்சு ஊறுகிறது. மாங்கன்று மூன்றும் கிணற்றடி நிழலில் நிற்கின்றன, கறுத்தக்கொழும்பான்தான். போன மூன்று மாரியிலும் அந்த மூலையில் தண்ணீர் ஒருநாளும் நிற்கவில்லை.